தன்மதிப்பீடும் கூடிப் பயிலுதலும்: நன்னூல் முதல் புதுவை வரை

மாணாக்கன் தன் கல்வியின் நிறைகுறைகளைத் தானே மதிப்பிட்டு உரைக்க, அவ்வுரையைத் துணைக்கொண்டு ஆசிரியர் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வேண்டுவார்க்கு வேண்டுவதை உதவும் முறையை இக்காலக் கல்வியியலார் பெரிதும் போற்றுகின்றனர். இம்முறை மேலைநாட்டார் கண்டது என்பாரும், நன்னூலிலேயே உளது என்பாரும் நம்மிடை உளர். இருதிறத்தார் கூற்றும் முழுதும் பொருந்தா என்பதே எம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டுகோட்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கரை எட்டு உவமைகளால் மூவகைப்படுத்துகின்றது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கும் கடைமாணாக்கர்க்கும் உவமையாயின. இஃது ஆசிரியர் நோக்கில் அமைந்த பகுப்பு. தன்னைப் பற்றி மாணாக்கன் யாது கருதுகின்றான் என்று ஈண்டு எவரும் வினவவில்லை. ஆதலின் இதனைத் தன்மதிப்பீடு எனல் மிகையாம்.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. கடைமாணாக்கரை அறிவு குன்றியவர் என ஓரினமாக ஒதுக்காது, அவர் பிழைபடும் வழி நான்கு எனப் பிரித்துக் காட்டினார் ஆசிரியர். குடம் கொண்டதை ஒழுகவிடும். ஆடு ஓரிடத்து நின்று வயிறார மேயாது, செடிதோறும் வாய்வைத்துச் செல்லும். எருமை குளத்தைக் கலக்கி உண்ணும். நெய்யரியோ நெய்யை விட்டுக் கசடைப் பற்றும். மறப்பவனுக்கும் மேலோட்டமாகக் கற்பவனுக்கும் மருந்து ஒன்றன்று. குறை எவ்வளவு என்று கேளாது, எவ்வகைக் குறை என்று கேட்கும் இந்நோக்கு, மதிப்பெண் கொண்டே மாணாக்கரை வரிசைப்படுத்தப் பழகிவிட்ட நமக்குப் புதியதாகவே தோன்றும்.

இனி, கற்பவன் கடமைகளாக நன்னூல் கூறும் ஏழினைக் காண்போம். நூல்வழக்கை அறிவதும், பாடத்தைக் காப்பதும், கேட்டதைச் சிந்திப்பதும், ஆசிரியரை அடைந்து ஐயந்தீரக் கேட்பதும் முதல் நான்கு. உடன் கற்கும் தக்காரோடு பழகுவதும், அவரை வினவுவதும், அவர் வினாவுக்கு விடையிறுப்பதும் எஞ்சிய மூன்று. இவற்றை அடுத்து வரும் கணக்கு மேலும் வியக்கத்தக்கது. ஆசிரியர் உரையை நன்கு கொண்டாலும் புலமையுள் காற்பங்கே கைகூடும். உடன் பயில்வாரால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு உரைப்பதனால் நிரம்பும் என்கின்றது நூல். தனக்கு எது தெரியாது என்பது ஒருவனுக்குத் தனித்திருந்து விளங்குவதன்று. பிறன் வினவ, விடை வாராத இடத்தில் விளங்குவது. வினாவையும் விடையையும் கூடிப் பயிலுதலின் பின் வைத்த முறை இக்கருத்துப் பற்றியது போலும்.

கூடிப் பயிலும் வழக்கு திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் வாயிலாக நின்று நிலவியது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். துணையாசிரியர் அம்முறையை ஏற்கத் தயங்கவே, ஜான் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்குச் சட்டாம்பிள்ளையாக்கினார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையால் இம்முறை சென்னை முறை எனப் பெயர் பெற்றது. ஆயின் அவர் வகுத்த பள்ளியில் ஒரு மாணாக்கனின் நிலையைக் காட்டியது அவன் சொல் அன்று. வரிசையில் அவன் பெற்ற இடமே. நன்கு கற்றவன் மேலிடத்துக்கு ஏறுவான், தவறியவன் கீழிறங்குவான். குழு கடல் கடந்தது. குறையின் வகையைக் கேட்கும் நோக்கு உடன் செல்லவில்லை. பெல், லங்காஸ்டர் ஆகியோர் பெயரால் வழங்கிய இம்முறையைப் புதுவையை ஆண்ட பிரெஞ்சியரும் 1815 முதல் தம் நாட்டுப் பள்ளிகளில் ஆர்வத்துடன் பரப்பினர்.

வரிசையை விலக்கி, மாணாக்கனையே அவன் கல்விக்குச் சான்றாக்கிய முயற்சி புதுவை நகரிலேயே நிகழ்ந்தது. ஆசிரியர் பணி திணிப்பதன்று, துணைநிற்பதே என்றும், வளர்ச்சியில் கற்பவன் உள்ளத்தையே கலந்து செல்லவேண்டும் என்றும் 1910இல் கல்கத்தா இதழொன்றில் எழுதிய அரவிந்தர், அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் புதுவை வந்தடைந்தார். அவர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2ஆம் நாள் அன்னை தொடங்கிய பள்ளி, 1952இல் பல்கலைக்கழக மையமாக விரிந்தது. 1959இல் அனைத்துலகக் கல்வி மையம் எனப் பெயர் கொண்டது. பட்டமும் சான்றிதழும் வழங்காத இம்மையத்தில், 1960களில் தன்னியல் முன்னேற்றம் என்னும் முறை உருப்பெற்றது. மாணாக்கர் தத்தம் விரைவுக்கேற்பப் பயிற்சித்தாள் கொண்டு கற்பர். தடைப்படும் இடத்து ஆசிரியரை நாடுவர். இதன் ஆன்மிக அடிப்படையை ஏலாதாரும், கற்பவன் சொல்லுக்கு இது தந்த மதிப்பை மறுத்தற்கில்லை.

ஆனால் அச்சொல் எவ்வளவு நம்பத்தக்கது? எம் இளங்கலை முதலாண்டு வகுப்பில், எண்வகை உவமையுள் தமக்குப் பொருந்துவதைத் தாளில் எழுதித் தருமாறு மாணாக்கரைக் கேட்டோம். பெரும்பாலோர் ஓட்டைக்குடம் என்று எழுதினர்; எருமை என்று எழுதினார் ஒருவரும் இலர். குற்றியலுகரப் புணர்ச்சி மறந்துவிடுகின்றது என்பதே குடத்தார் முறையீடு. அவரை நால்வர் நால்வராக அமர்த்தி, ஒருவரை ஒருவர் வினவச் செய்தோம். நூற்பாவை எவரும் மறந்திலர். ஆற்றுநீர் முதலாய உரை எடுத்துக்காட்டுகளும் தடையின்றி வந்தன. சோற்றுப்பானை என்ற சொல்லைப் பிரித்து, றகரம் இரட்டித்ததற்கும் பகரம் மிக்கதற்கும் விதி வேறு வேறோ என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் குழு வாயடைத்தது. மறதி அன்று அவர் குறை. பயிற்றிய சொல்லையன்றிப் பிறிது சொல்ல அறியாக் கிளியின் குறை. இடைமாணாக்கர் தம்மைக் கடையெனத் தாழ்த்திக்கொண்டனர் என்பதும் இதனாற் புலனாயிற்று.

இரண்டு வாரம் சென்றபின் மீண்டும் எழுதச் சொன்னோம். அவ்விரண்டாம் தாள்களைக் கொண்டே, மனப்பாடத்துக்கன்றிப் புதிய சொற்களைப் பிரித்துப் பார்த்தற்குரிய குழுக்களை வகுத்தோம். முதல் தாள்களை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.