எழுவர் தொகையும் பெயரடுக்கு விளையாட்டும்

பலர் ஓரிடத்துக் கூடியிருந்து ஒரு பொருளை வரையறுத்துக்கொண்டு, அதற்கு இயைந்த பெயர்களை ஒருவர்பின் ஒருவராகச் சொல்லி அடுக்குவது தமிழ் மக்களிடையே வழங்கும் விளையாட்டுகளுள் ஒன்றாகும். சொன்ன பெயரை மீண்டும் சொல்லலாகாது. வரையறைக்குப் புறம்பானதைச் சொல்லலாகாது. சொல்ல இயலாதவர் ஆட்டத்தினின்று நீங்குவர். இந்நாளில் திரைப்படப் பெயர், நடிகர் பெயர், பாட்டின் முதலடி ஆகியன இவ்வாட்டத்திற்குப் பொருளாகின்றன. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி இதன் இனத்தைச் சார்ந்ததே. பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பெறும் இவ்வழக்கு நம் இலக்கிய வரலாற்றில் ஆழ வேரூன்றியது என்பதையும், தொகை ஒன்று எதனைக் காக்கிறது, எதனை மறைக்கிறது என்பதையும் சேலம், நாமக்கல் நிலப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளியில் தொகை

தொகுத்துக் கூறலைத் தொல்காப்பியம் நூலுக்குரிய உத்திகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறைமேற் குவித்த பூக்களைக் கபிலர் பெயர்பெயராக அடுக்கினார். அவை தொண்ணூற்றொன்பது என்பது மரபு. நிகண்டு நூல்கள் இந்நெறியைத் தனித்துறையாகவே வளர்த்தன. சேந்தன் திவாகரத்திலும் சூடாமணி நிகண்டிலும் பன்னிரண்டாவதாக நிற்பது ‘பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி’. இருசுடர், முக்குணம் என எண்ணால் வரையறுத்து, அவ்வெண்ணுள் அடங்குவனவற்றை நிரல்படக் கூறுவது அதன் பணி.

சூடாமணி நிகண்டு திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடமாக ஓதப்பெற்றது. அப்பள்ளிகளில் வேறொரு பயிற்சியும் இருந்தது. மாலையில் மாணவர் வீடு திரும்புமுன் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பூ, பறவை, விலங்கு, ஊர் ஆகியவற்றுள் ஒவ்வொரு பெயரைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அதனை மறவாது வந்து ஒப்பிக்கவேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இதனைக் குறித்துள்ளார். ஒரு பெயர் ஒருவனுக்கு. தொகை முழுதும் பள்ளிக்கு. பலர் நினைவில் பகுத்து வைக்கப்பெற்ற பட்டியல் என்று இதனைக் கூறலாம். இன்று சிறுவர் தாளிற் கட்டமிட்டுப் பெயர், ஊர், விலங்கு, பொருள் என எழுதி ஆடும் ஆட்டம் இப்பயிற்சியோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது.

எழுவர் தொகை

இனி, இந்நிலப்பகுதிக்கு நெருங்கிய தொகை ஒன்றைக் காண்போம். கடையெழு வள்ளல்கள் எனப்படும் பாரி, ஓரி, காரி, அதியமான், பேகன், ஆய், நள்ளி ஆகியோருள் இருவர் பழைய சேலம் மாவட்ட எல்லைக்குள் அடங்குவர். கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரி ஒருவன். தகடூரை ஆண்ட அதியமான் மற்றொருவன். தகடூராகிய தருமபுரி 1965இலும், கொல்லியைத் தன்பாற்கொண்ட நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாயின.

எழுவரையும் ஒருங்கு எண்ணும் பழம்பாடல்கள் இரண்டு. ஒன்று, பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூற்று 158ஆம் பாட்டு. மற்றொன்று, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை. இரண்டிலும் எழுவர் அவரே, வரிசை வேறு. முன்னது பாரியில் தொடங்கி நள்ளியில் முடிகிறது. பின்னது பேகனில் தொடங்கி ஓரியில் முடிகிறது. வரிசை மாறியும் ஆட்கள் மாறாமையின், இத்தொகை தனியொரு புலவரின் படைப்பன்று என்பதும், புலவர் கூட்டத்தில் வழங்கிய பொதுவுடைமை என்பதும் உய்த்துணரப்படும்.

மேலும் ஓர் ஒற்றுமை கருதத்தக்கது. எழுவரும் மாய்ந்தபின் இரவலர் துயர் தீர்ப்பவன் குமணன் என்கிறார் முன்னவர். எழுவர் சுமந்த ஈகைப் பாரத்தைத் தனியொருவனாகத் தாங்குபவன் நல்லியக்கோடன் என்கிறார் பின்னவர். ஆகவே இருவரும் எழுவரை எண்ணியது எட்டாமவனை நிறுத்தும் பொருட்டே. ஆயினும் வரலாறு எட்டாமிடத்தை ஏற்கவில்லை. குமணனும் நல்லியக்கோடனும் கொடையிற் குறைந்தவரல்லர். எண் நிறைந்தபின் வந்தவர், அவ்வளவே. பிற்காலத்தார் தொகையை விரிக்க விரும்பியபோதும் எட்டு என்று கூட்டினாரல்லர். முதலெழுவர், இடையெழுவர் என வேறு இரண்டு ஏழுகளைப் படைத்து, நளன், கன்னன் முதலிய புராண மாந்தரை அவற்றுள் அமர்த்தினர். தொகையின் எண் வரலாற்றினும் வலிதாயிற்று.

கொன்றவனும் கொலையுண்டவனும்

எழுவர் தொகை மறைக்கும் செய்தி ஒன்று கொல்லிக்கு இன்றியமையாதது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான் என அகநானூற்று 209ஆம் பாட்டில் கல்லாடனார் கூறுகிறார். புறநானூற்றுத் தொகையிலோ ஓரியும் காரியும் அடுத்தடுத்து நிற்கின்றனர். பகை பற்றிய குறிப்பு அங்கில்லை. கொடை என்னும் ஒரே வரையறை, கொன்றவனையும் கொலையுண்டவனையும் ஒரே நிரலில் வைத்துவிட்டது. நத்தத்தனார் மட்டும் ஓரியைக் கூறுமிடத்து அவன் காரியோடு பொருததைக் குறிக்கிறார். தொகைக்குள்ளேயே தொகையை மீறும் குறிப்பு அது. இன்று ஆடித் திங்களில் கொல்லிமலையில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவிற்குச் செல்வோர் பலரும் ஓரியை எழுவருள் ஒருவனாக அறிவர். அவன் மலை கைமாறிய வரலாற்றை அறிந்தவர் சிலரே.

கொங்குமண்டல சதகம்

இடைக்காலத்தில் இவ்வழக்கு மண்டல சதகங்களாக உருப்பெற்றது. கார்மேகக் கவிஞரின் கொங்குமண்டல சதகம் தன் நாட்டுக்குப் பெருமை தரும் செய்திகளைப் பாட்டுக்கு ஒன்றாகத் தொகுத்து, ஒவ்வொரு பாட்டையும் மண்டலத்தின் பெயரோடு முடிக்கிறது. வரையறை ஒன்று, உறுப்புகள் நூறு. நன்னூலார் பவணந்தி, சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்கு நல்லார் ஆகியோரைக் கொங்கர் எனக் கொள்வதற்கு இந்நூல் சான்றாகக் காட்டப்பெறுகிறது. இதே பெயரில் வாலசுந்தரக் கவிராயர் முதலிய பிறரும் பாடினமை, தொகை ஒருவரோடு முடியாது பிறரால் தொடரப்பெற்றது என்பதை மெய்ப்பிக்கும். கார்மேகர் நூலை ஆராய்ந்து வெளியிட்டவர் திருச்செங்கோட்டுப் புலவர் தி. அ. முத்துசாமிக் கோனார்.

திரைப்படத் தொகை

அத்திருச்செங்கோட்டிற் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அது எடுத்தது. பழம்பாட்டு வள்ளல்களைத் தொகுத்ததுபோல இந்நிறுவனத்தின் ‘முதன்மை’களை மக்கள் தொகுத்துக் கூறுகின்றனர்: மலையாளத்தின் முதற் பேசும்படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961). ஈண்டும் வரையறைச் சொல்லே உயிர்நிலை. ‘பேசும்’ என்னும் சொல் நழுவி முதல் மலையாளப் படம் ‘பாலன்’ என்றாகுமாயின், அதற்கு முந்திய ஜே. சி. டேனியலின் ஊமைப்படமாகிய ‘விகதகுமாரன்’ வரலாற்றினின்று நீங்கிவிடும். ‘முழுநீள’ என்பது நழுவினும், முன்னரே பகுதியளவில் வண்ணம் பெற்ற படங்கள் மறைந்துபோம்.

தொகை காக்கும் ஆற்றலுக்கும் இந்நிறுவனமே சான்று தருகிறது. ஐம்பெருங்காப்பியம் என்னும் தொகைப்பெயர் நன்னூலுக்கு மயிலைநாதர் வகுத்த உரையிற் காணப்படுகிறது; ஐந்தனையும் பெயர் சுட்டி எண்ணும் வழக்கு பிற்பட்டது. அவ்வைந்தனுள் குண்டலகேசி சில பாடல்களே எஞ்ச அழிந்தது. நூல் மறைந்தும் அதன் பெயர் மாணவர் நாவில் நிலைத்தமைக்கு ஐந்து என்னும் எண் பெருங்காரணம். அக்குண்டலகேசியின் கதை மு. கருணாநிதியின் திரைக்கதை உரையாடலோடு, எம். ஜி. இராமச்சந்திரன் நடிக்க, ‘மந்திரி குமாரி’ என 1950இல் சேலத்திலிருந்து வெளிவந்தது. ஆக, காப்பியத் தொகையில் உறுப்பாக நின்ற கதை திரைப்படத் தொகையிலும் உறுப்பாயிற்று. சுந்தரம் 1963இல் மறைந்தார். இன்று ஏற்காடு சாலையில் நிற்கும் முகப்பு வளைவும் மக்கள் சொல்லும் படப்பெயர் வரிசையுமே அந்நிறுவனத்தை நினைவூட்டுகின்றன.

முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் புலனாகும். தொகை பலர் கூடிச் செய்வது; ஆதலின் ஆசிரியர் பெயரின்றியும் நிலைக்கும். எண் நிறைந்தபின் வருவோர்க்குத் தொகையில் இடமில்லை. குமணனும் நல்லியக்கோடனும் இதற்குச் சான்று. வரையறை ஒன்றாதலின் உறுப்புகளிடையே உள்ள பகையும் வேறுபாடும் அதனுள் மறையும். ஓரியும் காரியும் இதற்குச் சான்று. ஆகவே தொகையைச் சான்றாகக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் அதன் உறுப்புகளை எண்ணுவதோடு அமையாது, எவ்வரையறையால் எவர் உள்ளே வந்தார், எவர் வாயிலில் நிறுத்தப்பெற்றார் என்பதையும் வினவுதல் வேண்டும். திண்ணையிலும் தெருவிலும் இன்றும் நிகழும் பெயரடுக்கு ஆட்டங்களை ஊர்தோறும் சென்று வரையறையோடும் வரிசையோடும் எழுதிவைப்பது இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணையாகும். ஆட்டத்தில் வெல்பவன் இறுதிப் பெயரைச் சொல்பவன். ஆராய்ச்சிக்கு வேண்டுவதோ சொல்லப்படாது விடப்பட்ட பெயர்.