இன்னும் எத்தனை வான்கள் மிச்சம்?

'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்தில ஒரு குடும்பம் மஞ்சள் நிற வொக்ஸ்வாகன் வானைத் தள்ளித் தள்ளி ஸ்ரார்ட் பண்ணி, ஓட ஓட ஏறிக்கொள்ளும். 2006இல் வந்த அந்தப் படத்தை எல்லாரும் சேர்ந்திருந்து பார்த்து முடிஞ்ச பிறகு, படத்தை விட்டிட்டு வானைப் பற்றித்தான் கனநேரம் கதைச்சோம். "உந்தப் பழைய கேம்பர் வானுகள் இப்ப எத்தனை மிச்சம் இருக்கும்?" எண்டு ஒருவர் கேட்டார். லேசான கேள்வி எண்டுதான் நினைச்சோம். தேடத் தொடங்கின பிறகுதான் விளங்கியது: எதைக் 'கேம்பர்' எண்டு எண்ணுறது, எதை 'மிச்சம்' எண்டு எண்ணுறது என்பதிலேயே வரலாறு சிக்கிக் கிடக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க் தொழிற்சாலை பிரித்தானிய இராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அங்கே பாகங்களை இழுத்துச் செல்ல, பீட்டில் காரின் அடிப்பகுதியில தட்டையான மேடை ஒன்றை வைத்து வண்டி செய்திருந்தார்கள். அதைக் கண்ட நெதர்லாந்து இறக்குமதியாளர் பென் பொன், 1947 ஏப்ரல் 23ஆம் திகதி தன் குறிப்புப் புத்தகத்தில ஒரு பெட்டி வண்டியைக் கீறினார். முன்னுக்குச் சாரதி, பின்னுக்கு இயந்திரம், நடுவில சரக்கு; அவ்வளவுதான். 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. அதாவது, இது சுற்றுலாவுக்குப் பிறந்த வாகனம் இல்லை. பாண், பால், தச்சுச் சாமான் ஏற்றப் பிறந்த வாகனம்.

கேம்பர் பிறகு வந்தது. 1951இல் வெஸ்ற்ஃபாலியா நிறுவனம் 'கேம்பிங் பெட்டி' எண்டு ஒரு மரப்பெட்டித் தொகுதியை விற்கத் தொடங்கியது. கிழமை நாட்களில வான் கடைச் சாமான் ஏற்றும்; சனி ஞாயிறு பெட்டியை உள்ளே வைத்தால் படுக்கலாம், சமைக்கலாம். பிரித்தானியாவில மார்ட்டின் வோல்ட்டர் நிறுவனம் பெட்ஃபோர்ட் வான்களை 'டோர்மோபில்' ஆக மாற்றியது. டெவன் நிறுவனம் வொக்ஸ்வாகன்களை மாற்றியது. வேறு எத்தனையோ பேர் வீட்டு முற்றத்திலயே தாங்களாகப் பலகை அடிச்சு மாற்றினார்கள். வெளியில எடுத்து வைக்கக்கூடிய பெட்டிதான் ஒரு வானைக் கேம்பர் ஆக்குது எண்டால், தொழிற்சாலைக் கணக்கை மட்டும் வைத்து எப்படி எண்ணுவது?

தொழிற்சாலைக் கணக்கும் சிறியது இல்லை. 1967 வரை ஜேர்மனியில செய்யப்பட்ட முதல் தலைமுறை வான்கள் மட்டும் ஏறத்தாழ 18 இலட்சம். இரண்டாம் தலைமுறை அங்கே 1979இல் நின்றது. பிரேசிலில அதே உருவம் 2013 டிசம்பர் வரை ஓடியது. 2014 முதல் புதிய வாகனங்களுக்குக் காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம் எண்டு அங்கே சட்டம் வந்தபடியால்தான் நிறுத்தினார்கள். 2013இல் செய்த வானைப் 'பழையது' எண்டு சொல்லலாமோ? எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

பெரும்பகுதியைத் தின்றது துரு. குளிர்நாடுகளில வீதிப் பனியை உருக்க உப்புப் போடுவார்கள். கதவடிப் பட்டி, சில்லு வளைவு, கூரை ஓரத் தண்ணீர்க்கால் எல்லாம் அதில இத்துப்போகும். இன்னொரு பகுதியை நெருப்பு கொண்டுபோனது: பெற்றோல் குழாய் முதுமையில வெடித்துச் சூடான இயந்திரத்தில சொட்டினால் போதும், இயந்திரக் கூடு மக்னீசியக் கலவை, பற்றினால் அணைப்பது கஷ்டம். அரசியலும் தன் பங்கைச் செய்தது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா வரி போட, பதிலுக்கு அமெரிக்கா 1964இல் சிறு சரக்கு வாகனங்களுக்கு 25 வீத வரி போட்டது. கேம்பர்களும் பயணிகள் வான்களும் தப்பின. சரக்கு வான்கள் அங்கே அரிதாகிவிட்டன. கோழிச் சண்டையில எது மிஞ்ச வேண்டும் எண்டு முடிவாகியிருக்கிறது!

சரி, அரசாங்கப் பதிவேட்டைப் பார்த்தால்? பிரித்தானியாவில வீதியில ஓடாத வாகனத்தையும் அறிவிக்க வேண்டும் எண்டு 1998இல்தான் விதி வந்தது. அதற்கு முதலே கொட்டிலுக்குள்ள போன வான் ஏட்டில இல்லாமல் இருக்கலாம், ஆனால் கொட்டிலில இருக்கும். இதற்கு எதிர்மாறும் உண்டு. 2011இல் அமெரிக்க ஏலமொன்றில 23 யன்னல் வான் ஒன்று இரண்டு இலட்சம் டொலருக்கு மேலே போனது. இப்படி விலை ஏற, சாதாரண வானின் கூரையை வெட்டி யன்னல் வைப்பவர்களும், இத்துப்போன வானின் இலக்கத் தகட்டை வேறு உடம்பில பொருத்துபவர்களும் வந்தார்கள். கூரை மாற்றி, சுவர் மாற்றி, நிலையும் மாற்றின வீட்டை அப்பப்பா கட்டின வீடு எண்டு சொல்லுறமாதிரித்தான். ஏட்டில ஒன்று; உண்மையில எது?

தேடினதில எங்களை நிறுத்தி வைத்தது ஓடாத ஒரு வான். தென் கரோலினாவின் ஜோன்ஸ் தீவில வாழ்ந்த ஈசோ ஜென்கின்ஸ், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிய வைக்கப் பாடுபட்டவர். அவருடைய 1966 வொக்ஸ்வாகன் வான் பிள்ளைகளையும் வேலையாட்களையும் ஏற்றியது. அன்பு முன்னேற்றம், வெறுப்புக்கு விலை அதிகம் எண்ட கருத்தை அதன் பின்பக்கத்தில எழுதி வைத்திருந்தார். 1972இல் அவர் இறந்தார். வான் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் தகடுகள் இப்போது வொஷிங்டனில ஆபிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில இருக்கின்றன. ஓடுகிறவைகளை மட்டும் எண்ணினால், எண்ணப்பட வேண்டிய முதல் வானே கணக்கில வராது.

இதை எழுதும்போது யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் நினைவுக்கு வராமல் இல்லை. 1990களில பெற்றோல் தடைப்பட்டபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின கார்கள் அவை. நோயாளியையும் பிரசவத்துக்குப் போனவர்களையும் இடம்பெயர்ந்தவர்களின் சட்டி பானையையும் ஏற்றியவை. சிலவற்றில, 1950களின் பிற்பகுதியில போராட்டத்துக்குக் காரணமான சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடுகள் இன்னும் இருக்கின்றன. வெளியில போய் விலைபோகிறவை போகின்றன. அவற்றை மண்ணெண்ணெய்க்குப் பழக்கின கைகளும் முதுமையாகின்றன.

ஆகவே எங்கட கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். எத்தனை மிச்சம் எண்டு கேட்பதோடு, எது யாரை ஏற்றினது எண்டும் கேட்க வேண்டும். உங்கட ஊர்க் கராஜில ஒரு பழைய கார் நின்றால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வராதேங்கோ. பக்கத்தில இருக்கிற மெக்கானிக் ஐயாவிட்டக் கதையையும் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ.