எழுத்தை எழுத்தாகவே காட்டும் இணையத்தளம்

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களையும் போர்க்காலச் சாட்சியங்களையும் இணையப் படிவங்கள் ஊடாகத் திரட்டுவோர் எம்மிடையே இருக்கின்றனர். இத்தகைய தளமொன்றை அமைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வெளியிலிருந்து வரும் எழுத்தை உங்கள் தளம் வெறும் எழுத்தாக மட்டுமே காட்டுகின்றதா?

காரணம் இருக்கின்றது. கோண அடைப்புக்குறிக்குள் வரும் சில சொற்களை உலாவி கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதி அனுப்பலாம். தளம் அதை அப்படியே பக்கத்தில் இட்டால், அதைத் திறக்கும் நிர்வாகியின் உலாவியில் நிரல் இயங்கும். சாட்சி சொன்னவரின் பெயரும் முகவரியும் நிர்வாகிக்கே தெரியாமல் வெளியே போய்விடலாம்.

2005 ஒக்டோபர் 4ஆம் திகதி சாமி கம்கார் என்பவர் மைஸ்பேஸ் தளத்தில் தனது சுயவிபரப் பக்கத்தில் வைத்த நிரல், ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தொற்றியது. ஆபத்தான சொற்களை மைஸ்பேஸ் வடிகட்டியே வந்தது. அவர் சொல்லை இரண்டாக உடைத்து எழுதி வடிகட்டியைக் கடந்தார்.

இதற்கான மாற்றுவழி, குறிகளை வெளியிடும்போது மாற்றுக் குறியீடாக எழுதுவது. இதனை 'எஸ்கேப்' செய்தல் என்பர். வாசகருக்கு அதே குறிதான் தெரியும். உலாவி அதைக் கட்டளையாக எடுக்காது. ஆனால் நூறு இடங்களில் ஒன்றை நிரலாளர் மறந்தாலே போதும், கதவு திறந்துவிடும். எனவேதான் 2008இல் வந்த ஜங்கோ 1.0, 2010இல் வந்த ரெயில்ஸ் 3 ஆகியவற்றின் வார்ப்புருக்கள் இதைத் தாமாகவே செய்யத் தொடங்கின. ஜின்ஜா வார்ப்புருவைத் தனியாகப் பயன்படுத்துவோர் இவ்வசதியைத் தாமே இயக்கவேண்டும்.

இது முழுக் கவசமல்ல. ஜாவாஸ்கிரிப்ட் பகுதிக்குள்ளோ இணைப்பு முகவரியிலோ வெளியார் எழுத்தை இட்டால் தனிப் பாதுகாப்பு வேண்டும். 'இது பாதுகாப்பானது' என்று நிரலாளர் குறித்த இடத்தில் வார்ப்புரு தலையிடாது. அந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள்.

நீங்களே சோதிக்கவும் முடியும். உங்கள் சொந்தத் தளத்தின் படிவத்தில், தடித்த எழுத்துக்கான எச்.டி.எம்.எல் குறிகளுக்கு நடுவே ஒரு பெயரை எழுதி அனுப்புங்கள். பின்னர் அது காட்டப்படும் ஒவ்வொரு பக்கத்தையும், குறிப்பாக நிர்வாகியின் பக்கத்தை, பாருங்கள். குறிகள் அப்படியே தெரிந்தால் அந்த இடம் சரி. பெயர் தடித்துத் தெரிந்தால், அதைத் திருத்தும்வரை எவரிடமும் சாட்சியம் வாங்காதீர்கள்.