கந்தளாய் சொல்லும் நீர் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தைக் காண வருவோர் கடலையே நோக்கி நிற்பர். நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் கிடக்கும் நன்னீர்ப் பரப்போ, இம்மாவட்டத்தின் வயலையும் வாழ்வையும் பன்னெடுங் காலமாகத் தாங்கி வருகின்றது. அதுவே கந்தளாய்க் குளம். அதன் கட்டும் துருசும் வாய்க்காலும் திறந்த வெளியில் அமைந்த ஓர் அரும்பொருட்காட்சிச் சாலை எனலாம்.

இக்குளத்தைக் கட்டியவர் யார்? சோழ நாட்டினின்று வந்த குளக்கோட்டன், கோணேசர் ஆலயத்துக்குத் திருப்பணி செய்து, அதன் வயல்களுக்காக இக்குளத்தையும் அமைத்தான் என்பது கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் போற்றும் மரபு. சூளவம்சமோ ஏழாம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதிக்கு இதனை உரியதாக்குகின்றது. மரபுகள் இரண்டு, நீர் ஒன்று. அந்நீரும் இவ்வூரில் மட்டும் பிறந்ததன்று. அம்பன் கங்கையின் நீர் எலகெரக் கால்வாய் வழியே மின்னேரியாவை அடைந்து, அங்கிருந்து வேறொரு கால்வாயினால் கந்தளாய்க்குக் கொணரப்பட்டது. மலையடிவார நீரைக் கீழ்க்கரை வயலுக்கு அழைத்து வந்த அறிவு, ஒரு தலைமுறையின் உழைப்பன்று.

கல்லிற் பொறித்த சான்றுகளும் உள. பதினோராம் நூற்றாண்டில், சோழராட்சியின்போது, இங்கே பிராமணர் குடியிருப்பொன்று விளங்கியதையும், அதன் பெருங்குறிச் சபை கூடியதையும் கந்தளாய்த் தமிழ்ச் சாசனம் தெரிவிக்கின்றது. சோழராட்சியை 1070இல் அகற்றியவன் முதலாம் விசயபாகு. ஆயினும், அவனது 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாலமோட்டைத் தமிழ்ச் சாசனம், அவன் பெயராலேயே விசயராச ஈசுவரம் என வழங்கிய சிவாலயத்துக்குப் பிராமணப் பெண்ணொருத்தி அளித்த அறக்கொடையைக் கூறுகின்றது. அரசு மாறிற்று; ஆலய விளக்கு அணையவில்லை.

பிற்காலத்திலே கட்டுச் சிதைந்து காடு மண்டிய இக்குளம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மீண்டும் திருத்தப்பட்டது. ஆனால், குளம் என்பது ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளன்று. 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆம் நாள், ஊர் உறங்கிய பின்னிரவில், கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடும் வயலும் வெள்ளத்தோடு போயின. பின்னர்க் கட்டு மீள எழுப்பப்பட்டது.

இன்று அந்நீர் வயலில் பாய்வதோடு, திருகோணமலை மக்களின் குடிநீராகவும் பயன்படுகின்றது. கட்டியவன் யார் என்ற வழக்கை ஆராய்ச்சியாளர் தொடரட்டும். கட்டைக் காக்க வேண்டியவர் யார் என்பதில் வழக்கில்லை. அந்நீரை உண்போர் அனைவருமே அக்கடனுக்கு உரியவர்.