ரஃபாயெல் தெ லெயோனும் ஸ்பானியக் கோப்லாவின் வளர்ச்சியும்

இருபதாம் நூற்றாண்டு ஸ்பெயினில் கோப்லா என்னும் மேடைப்பாடல் வடிவத்தைக் கவிதையின் உயரத்துக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் ரஃபாயெல் தெ லெயோன். 1908 பிப்ரவரி 6 அன்று செவில்யா நகரில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பரம்பரைப் பட்டங்களுக்கு உரியவரான இவர் பாட்டெழுதிப் பிழைக்கத் துணிந்தது அக்காலத்தில் எளிய முடிவன்று. புவெர்தோ தெ சாந்தா மரியாவில் இயேசு சபையினர் நடத்திய பள்ளியில் படித்தார். கவிஞர்கள் ஹுவான் ராமோன் ஹிமெனெஸும் ரஃபாயெல் அல்பெர்த்தியும் அவருக்கு முன் படித்த பள்ளி அது. பின்னர் சட்டம் பயிலக் கிரானடா சென்ற லெயோன், அங்கே கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவின் நட்பைப் பெற்றார்.

இந்த நட்பின் காலம் கவனத்துக்குரியது. 1927 டிசம்பரில் பழங்கவிஞர் கோங்கோரா மறைந்த முந்நூறாவது ஆண்டை ஒட்டி இளங்கவிஞர்கள் செவில்யாவில் கூடினார்கள். ‘27-ஆம் ஆண்டுத் தலைமுறை’ என்னும் பெயர் அந்தக் கூடலிலிருந்து பிறந்தது. மறு ஆண்டே லோர்காவின் ‘ரொமன்செரோ கித்தானோ’ என்னும் கவிதைத் தொகுப்பு வெளிவந்து, இடைக்காலத்திலிருந்து வாய்மொழியாக வழங்கிவந்த கதைப்பாடல் மரபுக்குப் புத்துயிர் அளித்தது. எட்டசை அடிகள், இரட்டைப்படை அடிகளின் ஈற்றில் மட்டும் ஒத்துவரும் உயிரொலிகள், நடுவில் தொடங்கித் திடீரென முடியும் கதை ஆகியவை அம்மரபின் இயல்புகள். 1931-இல் லோர்கா தாமே பியானோ வாசிக்க, லா அர்கெந்தினித்தா பாடிய நாட்டுப்பாடல் இசைத்தட்டுகள் வெளியாயின. ஏட்டுக் கவிதைக்கும் பாட்டுக்கும் இடையே வழி திறந்திருந்த இக்காலத்தில்தான் லெயோன் எழுதத் தொடங்கினார். லோர்கா கதைப்பாடலை ஏட்டுக்குக் கொண்டுவந்தார். லெயோன் அதை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுசென்றார். இருவரையும் ஒரே இயக்கத்தின் இரு முனைகளாகப் பார்ப்பதே பொருத்தம்.

1930-களின் தொடக்கத்தில் மாட்ரிட்டில் குடியேறிய லெயோன், புவெனோஸ் அயர்ஸில் பிறந்த பாடலாசிரியர் சால்வதோர் வால்வெர்தேயுடன் இணைந்து எழுதினார். மெட்டமைத்தவர் செவில்யாக்காரரான மனுவேல் கீரோகா. ‘மரியா தெ லா ஓ’, ‘ஓஹோஸ் வெர்தேஸ்’ முதலியன இம்மூவரின் ஆக்கங்கள். பின்னதில் விலைமகளிர் இல்லத்தின் வாசலில் நிற்கும் பெண்ணிடம் குதிரையில் வந்தவன் ஒருவன் நெருப்புக் கேட்கிறான், இரவு தங்குகிறான், விடியலில் அவன் தர விரும்பும் பரிசை அவள் மறுத்துவிடுகிறாள். மூன்று நான்கு நிமிடங்களுக்குள் ஒரு முழு வாழ்க்கை கடந்துபோகிறது. முதல் சரணம் சந்திப்பு, இரண்டாம் சரணம் பிரிவு, இரண்டுக்கும் இடையே பல்லவி என்பது அமைப்பு. ஒரே பல்லவி முதன்முறை ஆசையாகவும் மறுமுறை இழப்பாகவும் ஒலிப்பது லெயோனின் தனித்திறன்.

1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டில் கிரானடாவில் லோர்கா கொல்லப்பட்டார். குடியரசுத் தரப்பின் வசமிருந்த பார்சிலோனாவில் பிரபு வம்சத்தவர் என்பதால் லெயோன் சிறைப்பட்டார். 1939-இல் பிராங்கோ வென்றபோது, குடியரசு ஆதரவாளரான வால்வெர்தே நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் பங்கேற்று எழுதிய பாடல்கள் அவர் பெயரின்றியே நெடுங்காலம் ஒலித்தன. ‘ஓஹோஸ் வெர்தேஸ்’ பாடலுக்குப் புகழ் சேர்த்த பாடகர் மிகெல் தெ மொலினா, அரசியல் சார்புக்காகவும் தன்பாலீர்ப்புக்காகவும் தாக்கப்பட்டு அர்ஜென்டினாவில் அடைக்கலம் புகுந்தார். தாமும் தன்பாலீர்ப்பாளரான லெயோன் நாட்டிலேயே தங்கி எழுதினார். அவர் பாடல்களில் வெளியே சொல்ல இயலாத காதல் மீண்டும் மீண்டும் வருவதற்கு இந்த வாழ்க்கையும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

வால்வெர்தேயின் இடத்தில் நாடகாசிரியர் அந்தோனியோ கின்தேரோ வந்தார். கின்தேரோ, லெயோன், கீரோகா என்ற மூவர் பெயரும் அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கோப்லாவின் முத்திரையாயிற்று. கின்தேரோ மேடைக்கதையைக் கட்டுவார், லெயோன் பாட்டெழுதுவார், கீரோகா இசையமைப்பார். கோன்ச்சா பிக்கேர், ஹுவானித்தா ரெய்னா, லோலா ஃப்ளோரெஸ் ஆகிய பாடகியரின் குரல்வளத்துக்கும் நடிப்பியல்புக்கும் ஏற்பப் பாடல்கள் உருவாயின. சான்ட்ரோ வலேரியோவுடன் லெயோன் எழுதி 1941-இல் பிக்கேர் பாடிய ‘தத்துவாஹே’ இவற்றுள் தலையானது. துறைமுக மதுக்கடை ஒன்றில் அயல்நாட்டு மாலுமியைச் சந்தித்தவள், அவன் பெயரைத் தன் உடலில் பச்சை குத்திக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக அவனைத் தேடி அலைகிறாள். காணாமல் போனவர்களும் நாடுகடந்தவர்களும் சிறையிலிருப்போரும் வீட்டுக்கு வீடு இருந்த நாட்டில் இப்பாடலுக்குப் பொருள்விளக்கம் தேவைப்படவில்லை.

பிராங்கோ அரசு போற்றிய பெண் மனைவியும் தாயும் மட்டுமே. 1932-இல் குடியரசு கொண்டுவந்த மணமுறிவுச் சட்டம் 1939-இல் நீக்கப்பட்டது. லெயோனின் நாயகியரோ கைவிடப்பட்டவர், மணமாகாத தாய், பிறர் கணவனை நேசித்தவர், மதுக்கடையில் பாடுபவர். ‘ரொமன்சே தெ லா ஓத்ரா’வில் பேசுபவள், மணமோதிரம் இல்லாததால் காதலன்மீது எந்த உரிமையும் அற்ற மற்றவள். தணிக்கையாளர் ‘ஓஹோஸ் வெர்தேஸ்’ பாடலின் முதலடியிலிருந்த விலைமகளிர் இல்லத்தைச் சாதாரண வீடாக மாற்றினார்கள். அத்தகைய இல்லங்களை 1956 வரை அனுமதித்த அரசு, பாட்டில் அதன் பெயரைத் தாங்கவில்லை. ஆனாலும் பாடல் தடைபடவில்லை. கேட்டவர்கள் கதையை உணர்ந்தே இருந்தார்கள். கோப்லாவை அரசின் துதிபாடி என்று பின்னாளில் ஒதுக்கியவர்கள் இந்தப் பெண்களைக் கணக்கில் கொள்ளவில்லை.

லெயோன் ஏட்டுக் கவிதையையும் விடவில்லை. ‘பேனா இ அலெக்ரியா தெல் அமோர்’ 1941-இல் வெளிவந்தது. இந்நூல் மேடையில் ஓதுவோரிடையே பெரும் வரவேற்புப் பெற்றது. மெட்டின் துணையில்லாமல் படிக்கும்போது இவரது ஏட்டுக் கவிதைகளில் லோர்காவின் சாயல் கூடுதலாகத் தெரிகிறது. சொற்சிக்கனத்தில் பாடல்களே உயர்ந்தவை.

1960-களில் மெல்லிசையும் பாப் இசையும் இளைஞர்களை ஈர்த்தன. லெயோன் காலத்தோடு நடந்தார். ஹுவான் சோலானோ, அகுஸ்தோ அல்கெரோ ஆகிய இசையமைப்பாளர்களுடன் பணியாற்றினார். 1970-இல் நினோ பிராவோ பாடிய ‘தே கியேரோ, தே கியேரோ’ லெயோனின் வரிகளுக்கு அல்கெரோ அமைத்த இசையில் பிறந்தது. அதே காலத்தில் எழுத்தாளர்கள் கோப்லாவை மறுமதிப்பீடு செய்யத் தொடங்கினார்கள். போருக்குப் பிந்தைய வறுமையில் மக்கள் தங்கள் துயரைப் பேசிய மொழி அது என்று மனுவேல் வாஸ்கேஸ் மொந்தல்பான் காட்டினார். அரசு பரப்பிய மகிழ்ச்சிப் பிம்பத்துக்குப் பொருந்தாத உடைந்த மனிதர்கள் அப்பாடல்களில் வாழ்வதைக் கார்மென் மார்த்தின் கைத்தே எடுத்துரைத்தார். 1971-இல் உருவான பசிலியோ மார்த்தின் பத்தினோவின் ஆவணப்படம், அக்காலப் பாடல்களைப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளின் செய்திக் காட்சிகளுடன் இணைத்தது. அது திரைக்கு வர 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

லெயோன் 1982 டிசம்பர் 9 அன்று மாட்ரிட்டில் காலமானார். கிரானடாப் பாடகர் கார்லோஸ் கானோ 1985-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு, பழைய கோப்லாக்களைப் புதிய தலைமுறையிடம் சேர்த்தது. வால்வெர்தேயின் பெயரும் பாடலாசிரியர் பட்டியலில் தனக்குரிய இடத்தைத் திரும்பப் பெற்றுள்ளது.