நீலமலைக் கற்குவைகள்

உதகமண்டலத்தைச் சூழ்ந்த மலைமுகடுகளில், வட்டமாகக் கல் அடுக்கி எழுப்பிய பழங்குவைகள் பல உள. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அவை வெறுங் கற்குவியல்களாகவே தோன்றும். உண்மையில் அவை இறந்தோர்க்கென எழுந்த ஈமச் சின்னங்கள். சுரத்திடை மாண்டோர்மீது குவித்த கற்களைச் சங்கச் சான்றோர் 'பதுக்கை' என்றனர். கல்லால் இறந்தோரைப் போற்றும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது.

இக்குவைகளைக் குறித்துக் காங்கிரீவ் என்னும் படை அதிகாரி 1847-இல் எழுதினார். பின்னர் நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் பலவற்றைத் திறந்து பார்த்தார். அவர் 1872-இல் மறைந்தார். அவருடைய நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. குவைகளினுள்ளே எரிந்த எலும்புத் துண்டுகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலக் கிண்ணங்களும், பொன்னணிகளும் கிடைத்தன. யாவற்றினும் வியப்பூட்டுவன மட்கலங்களின் மூடிகளே. அவற்றின்மேல் எருமையும், குதிரையும், மனிதரும் மண்ணுருவாக நிற்கின்றனர். இப்பொருள்களுட் சில சென்னை அருங்காட்சியகத்திலும், சில இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இவற்றை அமைத்தோர் யாவர்? எருமையைப் போற்றும் தோதவரின் முன்னோரே என்றார் காங்கிரீவ். ஆயினும் தோதவர் மட்கலம் வனைவாரல்லர். படைக்கலம் தாங்கும் வழக்கமும் அவரிடம் இல்லை. ஆதலின் வழக்குத் தீர்ந்தபாடில்லை. அதனைத் தீர்த்திருக்கத்தக்க சான்று, அகழ்ந்தபொழுதே அழிந்தது. எப்பொருள் எவ்வடுக்கில், எதனருகே கிடந்தது என்பதை அக்காலத்தார் முறையாகக் குறித்து வைக்கவில்லை. அழகிய கிண்ணம் எஞ்சியது. அதன் வரலாறு மறைந்தது.

இதற்கு மாறாக, கருநாடகத்தின் சித்திரதுருக்கப் பகுதியிலுள்ள பிரம்மகிரியில் 1947-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். ஈமக் குழிகளையும் அருகிலிருந்த பழைய குடியிருப்பையும் அவர் ஒருங்கே ஆய்ந்து, ஒவ்வோர் அடுக்கையும் பதிவு செய்தார். குழிகளிற் கண்ட கருப்பு-சிவப்பு மட்கலங்களே குடியிருப்பிலும் தோன்றின. கற்கோடரி மாந்தர்க்குப் பின்னர் இரும்பைக் கையாண்ட இம்மக்கள் வந்தனர் என்பது அதனால் தெளிவாயிற்று. பொன் தராத விளக்கத்தை உடைந்த ஓடுகள் தந்தன.

கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் விதர்ப்பத்திலும் வாழும் தமிழன்பர்கள் இத்தகைய கல்வட்டங்களை வழியிற் காணக்கூடும். கன்னட நாட்டார் சிலவற்றை 'மோரியர் மனை' என்பர். வயலைத் திருத்தவோ சாலைக்குச் சல்லி உடைக்கவோ அக்கற்களைப் பெயர்ப்பார் இன்றும் உளர். கண்டவிடத்துத் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தலும், கல்லை இருந்தவாறே இருக்க விடுதலும் நம் கடன். எழுத்தறியாத அம்மக்கள் விட்டுச்சென்ற ஏடு அது ஒன்றே.