காட்பாடிக்குப் போன ரத்தம்

காட்டுப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில், மெட்ரோ தூண்களுக்கு அடியில் காலையில் கொஞ்ச நேரம் நின்றால் அந்தப் பையன்களைப் பார்க்கலாம். பைக்கின் முன்னால் சின்ன ஐஸ் பெட்டியை இடுக்கிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கமிருந்து போரூர் பக்கம் பறப்பார்கள். பெட்டிக்குள் சிகப்பு மூடி, ஊதா மூடி போட்ட டியூப்கள். யாருக்கோ சர்க்கரை, யாருக்கோ தைராய்டு. அந்த ரத்தம் எங்கே போகிறது, எப்போது ரிசல்ட் வரும் என்று அதைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், 1986 பிப்ரவரியில் சென்னையிலிருந்து ரயிலேறிய இன்னொரு ஐஸ் பெட்டி என் நினைவுக்கு வரும்.

அந்தப் பெட்டியைக் கொண்டுபோனவர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். வயது 32, இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். ஆய்வுக்கு எய்ட்ஸைத் தேடிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன். எய்ட்ஸ் என்பது வெளிநாட்டு வியாதி, ஒழுக்கமுள்ள நம் மண்ணில் அதற்கு இடமில்லை என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. பம்பாயில் எடுத்த நூற்றுக்கணக்கான சாம்பிள்களைப் புனேயில் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லை. நிர்மலாவுக்கே நம்பிக்கை இல்லை. செய்துதான் பாரேன் என்று ஊக்கம் கொடுத்தவர் அவர் கணவர் வீரப்பன் ராமமூர்த்தி.

பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்காக வந்த பெண்களிடம் நிர்மலா பேசிப் பழகினார். காப்பகம் ஒன்று இருப்பது அவர்கள் மூலம் தெரியவந்தது. பாலியல் தொழிலில் பிடிபட்டு, ஜாமீனுக்குப் பணம் கட்ட வழியில்லாத பெண்களை அங்கே வைத்திருந்தார்கள். கணவர் தினமும் ஆபீஸ் போகும் முன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுவார். மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட சாம்பிள்கள் சேர்ந்தன. கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவும் இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. நிர்மலாவைக் குறை சொல்ல நான் யார்? வெறுங்கையோடு அந்த வேலையைச் செய்தவர் அவர். ஏழைப் பெண்ணிடம் காரணம் சொல்லி, சம்மதம் கேட்டு ரத்தம் எடுக்கும் வழக்கம் அன்றைக்குப் பெரிய பெரிய இடங்களிலேயே அரிதுதான். ஆனாலும், கையை நீட்டியவளுக்குத் தன் ரத்தம் எங்கே பயணப்படப் போகிறது என்று தெரியாது.

ரத்தத்தை அப்படியே அனுப்ப முடியாது. உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிகிற வைக்கோல் நிறத் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். அதுதான் சீரம். அதற்காகச் சின்னதாக ஒரு பரிசோதனைக்கூடத்தை ஒப்பேற்றிக்கொண்டார்கள். சீரத்தைப் பத்திரப்படுத்த இடமில்லை. நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொண்டார்.

சோதிக்கும் வசதி வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கணவனும் மனைவியும் இரவு ரயிலில் காட்பாடிக்குக் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து காட்பாடிக்குப் போகிற ரயில் நம் அம்பத்தூரையும் ஆவடியையும் தாண்டித்தான் போகும். ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது, இந்த நாடு தனக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று நம் தண்டவாளத்தின் மேல் போயிருக்கிறது. காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வேலூர் போனார்கள்.

வைரஸ் துறைத் தலைவர் ஜேக்கப் ஜான், ஜார்ஜ் பாபு, எரிக் சிமோயஸ் என்ற இரண்டு இளம் மருத்துவர்களை உதவிக்குக் கொடுத்தார். காலை 8.30 மணிக்கு வேலை ஆரம்பம். எலைசா சோதனையில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸின் புரதத்தை முன்கூட்டியே அவற்றில் பூசி வைத்திருப்பார்கள். சீரத்தில் எச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்ப்புப்பொருள் இருந்தால் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. பிறகு விடுகிற நொதியும் ரசாயனமும் அந்தக் குழியில் மட்டும் நிறத்தைக் காட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

மத்தியானம் கரண்ட் போனது. டீ குடிக்கப் போய்விட்டு வந்தார்கள். ஜார்ஜ் பாபு மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார். அதற்குள் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நிர்மலாவிடமும் கணவரிடமும் வாக்கு வாங்கி அனுப்பினார்கள். எல்லோருமாகச் சென்னைக் காப்பகத்துக்குத் திரும்ப வந்து, அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தம் சிமோயஸோடு அமெரிக்கா போய், வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னொரு சோதனையில் தொற்று உறுதியாயிற்று. டெல்லிக்குத் தகவல் போனது. மே மாதம் தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். நாடு கேள்விப்பட்டது, பதறியது, சிலர் நம்ப மறுத்தார்கள்.

கடல் தாண்டிப் போன அந்த ரத்தம் அந்த ஆறு பேருக்கு எதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க முடியும்? கொடுப்பதற்கு மருந்து என்று ஒன்று அன்றைக்கு உலகத்திலேயே இல்லை. முதல் மருந்தான ஏ.இஸட்.டி.க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1987-இல்தான். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸை அடக்கலாம் என்பது 1996 வாக்கில் தெளிவாயிற்று. ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் செலவு. நம் ஊரில் யாரால் முடியும்? 2001-இல் நம் நாட்டு சிப்லா கம்பெனி, வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் ஒன்று தாம்பரம் சானடோரியம். காசநோய்க்காரர்களுக்காகக் கட்டிய அந்த மருத்துவமனை, மற்ற இடங்கள் கதவைச் சாத்தியபோது எச்.ஐ.வி. நோயாளிகளைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்ட இடம். மஞ்சள் குழிக்கும் இலவச மாத்திரைக்கும் நடுவே 18 வருஷம் போயிருந்தது.

சுனிதி சாலமன் அந்த வருஷங்களில் சும்மா இருக்கவில்லை. 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, சோதனையையும் ஆலோசனையையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார். ரிசல்ட்டைச் சொல்வதும் ஒரு சிகிச்சைதான் என்பதை முதலில் உணர்ந்தவர்களில் அவர் ஒருவர். 2015-இல் அவர் காலமானார்.

ரிசல்ட் உரியவருக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்த இளைஞர் 2016-லேயே ரத்ததானம் செய்தவர். அப்போதே தொற்று தெரிந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று செய்திகள் வந்தன. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் அவருக்கே தெரிந்தது. தெரிந்தவுடன் ஓடிவந்து, என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று சொன்னவர் அவர்தான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதமே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிற காலத்தில் நடந்த சாவு அது. இரண்டு வருஷம் முன்னாலேயே யாராவது உட்கார வைத்துப் பேசியிருந்தால் அவர் இன்றைக்கும் இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

போன வருஷம் என் அண்ணன் மகள் மூன்றாம் மாதத்தில் செக்கப்புக்குப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கிற எச்.ஐ.வி. சோதனைதான். நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க வெளியே இருங்கம்மா" என்றார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோது, அந்தக் கதவு சாத்தப்படுவதற்கு நாடு எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்று பட்டது. சம்மதம் வாங்கித்தான் சோதிக்க வேண்டும், விவரத்தை வெளியே விடக் கூடாது என்று 2017-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

அவள் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள். "ஒரே ஒரு சொட்டுதான் அத்தை. சின்ன அட்டையில விட்டாங்க. 'சி' எழுத்துக்கு நேரா ஒரு கோடு வந்துச்சு. அட்டை சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். இன்னொரு கோடு வரலை." வந்திருந்தால்? அதை வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் நடக்கிற நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, வெவ்வேறு கிட்டுகளில் மூன்று முறை பார்த்த பிறகுதான் உறுதி. சோதனை தேடுவது எதிர்ப்புப்பொருளை. தொற்றிய உடனே அது உருவாகாது. சில வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். அதனால்தான் சந்தேகம் உள்ளவர்களை மறுபடி வரச் சொல்கிறார்கள். பாதுகாப்பில்லாத உடலுறவு, ரத்தம், பகிர்ந்துகொண்ட ஊசி, தாயிடமிருந்து பிள்ளை: வழி இவ்வளவுதான். பக்கத்தில் உட்காருவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கொசுவாலோ வராது.

உறுதியானால் அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கலாம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒன்று. விடாமல் சாப்பிட்டு, சோதனையில் அகப்படாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றக்கூடும். சிகிச்சை இருந்தால் 5-க்கும் கீழே வந்துவிடுகிறது.

தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கிற குழந்தையின் ரத்தமும் ஒரு பயணம் போகிறது. ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி, கெட்டியான வடிகட்டும் தாளில் வட்டம் வட்டமாகச் சொட்டுகளை ஒற்றி எடுக்கிறார்கள். மணிக்கணக்கில் காற்றில் உலரவிட்டு, உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஐஸ் பெட்டி வேண்டாம். தாயின் எதிர்ப்புப்பொருள் பிள்ளையின் உடம்பில் ஒரு வருஷத்துக்கு மேலும் தங்கியிருக்கும் என்பதால், இந்தத் தாளில் நேராக வைரஸின் மரபணுவையே தேடுகிறார்கள். முதல் தாளில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அத்தோடு விடுவதில்லை. 18-ஆவது மாதம் கடைசியாக ஒரு சோதனை உண்டு. அதற்கு அந்தப் பிள்ளை அம்மாவின் விரலைப் பிடித்து நடந்தே வந்துவிடும்.